எக்செல் ஷீட் பேப்பரில் ஒழுங்காக வர: ஒரு ஜெராக்ஸ் கடைக்காரியின் வழிமுறை

எக்செல் ஷீட்டுக்குப் பக்கம் என்று ஒன்று கிடையாது. வலப்பக்கமும் கீழேயும் அது போய்க்கொண்டே இருக்கும். ஒரு பேப்பர் எங்கே முடிய வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், அது தனக்குத் தெரிந்த இடத்தில் வெட்டிக்கொள்ளும். கடைசிக் காலம் (column, மேலிருந்து கீழே போகும் நெடுவரிசை) மட்டும் தனித் தாளில் வருவது, இரண்டாம் பக்கத்தில் தலைப்பு இல்லாமல் வெறும் எண்கள் நிற்பது, நடுவில் வெள்ளைத் தாள் வந்து விழுவது எல்லாம் அந்த வெட்டினால் வருபவை.

பல்லடத்தில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விசைத்தறிக் கூலிப் பட்டியல், கோழிப்பண்ணை பேட்ச் கணக்கு, பனியன் கம்பெனி சம்பள ஷீட், குலதெய்வக் கோயில் நன்கொடை லிஸ்ட், கல்யாண மொய்க் கணக்கு என்று பென்டிரைவில் எல்லாம் வரும். "அக்கா, எல்லாம் ஒரே பேப்பர்ல வந்துட்டா போதுங்க" என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். அந்தப் பேப்பரை யார் படிக்கப் போகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். தறி ஓட்டுபவர் தன் மீட்டரைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய ஷீட்டாக இருக்கும். கோயில் மண்டபத்தில் ஒட்டிய லிஸ்டில் வயதான ஒருவர் தன் பெயரைத் தேட வேண்டியிருக்கும். எழுத்து படிக்கிற அளவில் இருக்க வேண்டும். ஒரே பேப்பரில் அடங்குவது அதற்கு அப்புறம்தான்.

அதனால் சரிசெய்யும் வேலைக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறேன். பேப்பர் அளவு, எந்தப் பகுதி பிரிண்ட் ஆக வேண்டும், மார்ஜின், காலங்களின் அகலம், நெடுக்கா கிடையா, கடைசியில் ஸ்கேல், அதாவது எத்தனை சதவீதமாகச் சுருக்குவது. நிறையப் பேர் ஸ்கேலில் ஆரம்பிக்கிறார்கள். பிரிண்ட் திரையில் "ஃபிட் ஷீட் ஆன் ஒன் பேஜ்" என்று ஒன்று இருக்கிறதே, அதைத் தட்டிவிட்டால் எல்லாம் ஒரு தாளில் வந்துவிடும்தான். ஆனால் 80 பேர் உள்ள பட்டியலில் அதைப் போட்டால் எறும்பு ஊர்ந்த மாதிரிதான் எழுத்து வரும். 11 பாயின்ட் எழுத்தை 50 சதவீதமாகச் சுருக்கினால் பேப்பரில் விழுவது ஐந்தரை பாயின்ட். அதைக் கண்ணாடி போட்டவரும் படிக்க முடியாது.

பேப்பர் அளவு

பேஜ் லேஅவுட் பகுதிக்குப் போய் 'சைஸ்' என்பதைத் திறந்து பாருங்கள். நம் ஊரில் எல்லாரும் போடுவது ஏ4, அதாவது 210 க்கு 297 மில்லிமீட்டர். வெளிநாட்டு பையர் அனுப்பிய ஃபைலிலும், சில சாஃப்ட்வேர்கள் தானாக உருவாக்கித் தரும் ஃபைலிலும் 'லெட்டர்' என்று இருக்கும். அது எட்டரை இன்ச்சுக்கு 11 இன்ச். ஏ4 ஐ விட ஆறு மில்லிமீட்டர் அகலம் கூடுதல், 18 மில்லிமீட்டர் உயரம் குறைவு. திரையில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ட்ரேயில் ஏ4 இருக்கும்போது லெட்டர் கேட்டு சில பிரிண்டர்கள் அப்படியே நின்றுவிடும், பேப்பர் தீர்ந்துவிட்டது என்று நினைத்து நாம் ட்ரேயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்போம். ஷீட்டிலும் ஏ4, பிரிண்டரின் அமைப்பிலும் ஏ4 என்று இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கடைசிக் காலம் அடுத்த தாளுக்கு ஓடினால்

கடைக்கு வருவதில் அதிகம் இந்தத் தொல்லைதான். ஒரு தறிக் கூலிப் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். தேதி, தறி எண், பாவு நம்பர், பெயர், போன் நம்பர், பேங்க் அக்கவுன்ட், மீட்டர், மீட்டருக்குக் கூலி, முன்பணம், மீதி, கையெழுத்து. இதை நெடுக்கு ஏ4 இல் அப்படியே விட்டால் மீதியும் கையெழுத்தும் அடுத்த தாளுக்குப் போய்விடும். யாருடைய மீதி என்று தெரியாத ஒரு தாளில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

வியூ பகுதியில் 'பேஜ் பிரேக் ப்ரிவ்யூ' என்று இருக்கிறது. அதைப் போட்டதும் நீலக் கோடுகள் தெரியும். விட்டு விட்டு இருக்கும் கோடு எக்செல் தானாக வெட்டிய இடம். முழுக்கோடு யாரோ கையால் வைத்த இடம். எந்தக் காலத்தில் வெட்டு விழுகிறது என்று இங்கே பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு எதையும் தொட வேண்டும்.

முதலில், அந்தப் பேப்பருக்குத் தேவையில்லாத காலங்களை மறைத்துவிடுங்கள். கையெழுத்து வாங்கும் ஷீட்டில் போன் நம்பரும் பேங்க் அக்கவுன்ட்டும் எதற்கு? காலத்தின் தலையில் ரைட் கிளிக் செய்து 'ஹைட்' (Hide) கொடுத்தால் போதும், மறைத்த காலம் பிரிண்டில் வராது, கணக்கும் மாறாது. பத்துப் பேர் கைக்குப் போகிற தாளில் ஒருவருடைய அக்கவுன்ட் நம்பரை மற்றவர்கள் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. இடம் மிச்சமாவதை விட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அடுத்து மார்ஜின். எக்செல் வழக்கமாக இரண்டு பக்கமும் 0.7 இன்ச் விடும். 'நேரோ' என்று மாற்றினால் 0.25 இன்ச். நெடுக்கு ஏ4 இல் எழுதக் கிடைக்கும் அகலம் 174 மில்லிமீட்டரிலிருந்து 197 ஆகிவிடும். கையெழுத்துக் காலத்துக்கு அது போதும். ஆனால் துளையிட்டு ஃபைலில் கோக்கப் போகிறீர்கள் என்றால் இடப்பக்கம் மட்டும் முக்கால் இன்ச்சாவது விடுங்கள். பல பிரிண்டர்களால் தாளின் விளிம்பு வரை அடிக்க முடியாது என்பதால் மார்ஜினை பூஜ்யமாக்கியும் பயனில்லை, ஓரத்து எழுத்து வெட்டுப்படும்.

அப்புறம் காலங்களின் அகலம். 'மீட்டருக்குக் கூலி' என்ற தலைப்பு நீளமாக இருக்கிறது என்பதற்காக, கீழே இரண்டு இலக்க எண் இருக்கும் காலத்தை அகலமாக விட்டிருப்பார்கள். தலைப்புக் கட்டத்தில் 'ராப் டெக்ஸ்ட்' போட்டு இரண்டு வரியாக மடித்து, காலத்தைக் குறுக்குங்கள். ஐந்தாறு காலத்தில் இப்படிச் செய்தாலே பெரும்பாலும் ஷீட் உள்ளே வந்துவிடும்.

அதற்கும் அடங்காவிட்டால் 'ஓரியன்டேஷன்' போய் கிடைவாக்கில் திருப்புங்கள். ஸ்கேலுக்கு வர வேண்டியது இதெல்லாம் முடிந்த பிறகுதான். அங்கேயும் 'விட்த்' ஒரு பக்கம், 'ஹைட்' (Height, உயரம்) ஆட்டோமேட்டிக் என்று வையுங்கள். அகலம் மட்டும் ஒரு தாளுக்குள் அடங்கும், நீளம் எத்தனை பக்கம் வேண்டுமோ அத்தனை பக்கம் போகும். இந்த ஒரு அமைப்பு தெரிந்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. எழுத்து எவ்வளவு சுருங்குகிறது என்று தெரிய, விட்த்தைத் திரும்ப ஆட்டோமேட்டிக் ஆக்கி, ஸ்கேலில் 75, 70 என்று நீங்களே எண் கொடுத்துப் பாருங்கள். 70 இலும் அடங்காத ஷீட்டை மேலும் சுருக்க நான் சம்மதிப்பதில்லை. காலங்களை இரண்டு பட்டியலாகப் பிரிக்கச் சொல்லிவிடுவேன்.

பேஜ் பிரேக் ப்ரிவ்யூவில் இருக்கும்போது நீலக் கோட்டை மவுஸால் வலப்பக்கம் இழுத்தாலும் காலம் உள்ளே வந்துவிடும். ஆனால் அப்படி இழுக்கும்போது எக்செல் சத்தமில்லாமல் ஸ்கேலைக் குறைத்துக்கொள்கிறது. அடுத்த மாதம் வேறு ஆள் அதே ஃபைலைத் திறந்து, எழுத்து ஏன் இவ்வளவு சின்னதாக வருகிறது என்று ஃபான்ட்டைப் பெரிதாக்கிக்கொண்டிருப்பார். அதனால் கோட்டை இழுப்பதை நான் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

இரண்டாம் பக்கத்தில் தலைப்பு வர

திரையில் 'ஃப்ரீஸ் பேன்ஸ்' போட்டு வைத்திருப்பதால் பேப்பரிலும் தலைப்பு எல்லாப் பக்கத்திலும் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். எக்செல்லில் அது திரைக்கு மட்டும்தான். பேப்பருக்கு, பேஜ் லேஅவுட்டில் 'பிரிண்ட் டைட்டில்ஸ்' என்பதைத் திறந்து, 'ரோஸ் டு ரிபீட் அட் டாப்' பெட்டியில் கிளிக் செய்து, ஷீட்டில் தலைப்பு இருக்கும் வரியைத் தொட வேண்டும். கம்பெனிப் பெயர் முதல் வரி, காலத் தலைப்புகள் மூன்றாம் வரி என்றால் மூன்று வரியையும் சேர்த்து இழுத்துவிடலாம்.

அந்தப் பெட்டி மங்கலாக இருந்து கிளிக் ஆகவில்லையா? பிரிண்ட் ப்ரிவ்யூ திரைக்குள்ளிருந்து பேஜ் செட்டப்பைத் திறந்திருப்பீர்கள். அங்கிருந்து போனால் இந்தப் பெட்டி திறக்காது. எஸ்கேப் அழுத்தி ஷீட்டுக்குத் திரும்பி, பேஜ் லேஅவுட் வழியாகப் போங்கள். கீழே இரண்டு மூன்று ஷீட்டைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இப்படித்தான் மங்கும்.

பக்கம் மாறும் இடத்தையும் கவனியுங்கள். பட்டியல் இரண்டாம் பக்கத்தோடு முடிந்து, மொத்தமும் கையெழுத்து இடமும் மட்டும் மூன்றாம் பக்கத்துக்குப் போயிருக்கும். பெயர் ஒன்றுகூட இல்லாத தாளில் முதலாளி கையெழுத்து மட்டும் இருந்தால் அதை எந்தப் பட்டியலோடும் சேர்த்துவிடலாம். எனக்கு அது பிடிக்காது. கடைசி ஐந்தாறு பெயர்களும் மொத்தத்தோடு சேர்ந்து போகட்டும்: அவற்றில் முதல் பெயர் இருக்கும் வரியை முழுசாகத் தேர்ந்தெடுத்து, 'பிரேக்ஸ்' போய் 'இன்செர்ட் பேஜ் பிரேக்' கொடுங்கள். வெட்டு விழவில்லை என்றால், ஸ்கேலில் 'ஃபிட்' முறை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த முறையில் கையால் வைத்த வெட்டை எக்செல் கணக்கில் எடுக்காது. விட்த்தை ஆட்டோமேட்டிக் ஆக்கி ஸ்கேலுக்கு எண் கொடுத்தால் வெட்டு வேலை செய்யும். பழைய ஃபைலில் கண்ட இடத்தில் பக்கம் மாறினால் அதே பிரேக்ஸ் மெனுவில் 'ரீசெட் ஆல் பேஜ் பிரேக்ஸ்'.

வெள்ளைத் தாள் வருவதும், பெயர் விட்டுப்போவதும்

பட்டியல் இரண்டு பக்கம்தான், பிரிண்டர் ஒன்பது பக்கம் என்று காட்டுகிறது. எங்கோ தூரத்தில் ஒரு கட்டத்தில் ஸ்பேஸ் தட்டியிருப்பார்கள், அல்லது 60 பேருக்கு 500 வரி வரைக்கும் பார்டர் போட்டு வைத்திருப்பார்கள். கன்ட்ரோல் கீயையும் எண்ட் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். எக்செல் தன் கணக்கில் ஷீட் எங்கே முடிகிறது என்று அந்தக் கட்டத்துக்குப் போய் நிற்கும். உங்கள் கடைசிப் பெயருக்கு அடுத்த வரியிலிருந்து அதுவரைக்கும் வரிகளை முழுசாகத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக்கில் 'டெலீட்' கொடுத்து, சேவ் செய்யுங்கள். கீபோர்டில் உள்ள டெலீட் பொத்தான் உள்ளே இருப்பதைத்தான் அழிக்கும், பார்டர் அப்படியே நிற்கும்.

அதற்குப் பொறுமை இல்லையென்றால், வேண்டிய பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து 'பிரிண்ட் ஏரியா', 'செட் பிரிண்ட் ஏரியா' கொடுத்துவிடலாம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பிரிண்ட் ஏரியா போட்ட ஷீட்டில் பிற்பாடு கீழே புதிதாகச் சேர்த்த பெயர்கள் பேப்பரில் வராது. கோயில் நன்கொடை லிஸ்டில் இது நடந்தால் எவ்வளவு மனஸ்தாபம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. தந்தவர் பெயர் சுவரில் இல்லை என்றால் அவர் எக்செல் மேல் கோபப்பட மாட்டார், லிஸ்ட் எழுதியவர் மேல்தான் படுவார். ஏரியாவுக்கு நடுவில் வரியை 'இன்செர்ட்' செய்து பெயர் சேர்த்தால் ஏரியாவும் கூடவே நீளும். அடியில் சேர்த்தால் 'கிளியர் பிரிண்ட் ஏரியா' கொடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பிரிண்ட் கொடுக்கும் முன் ப்ரிவ்யூவில் கடைசிப் பெயரும் ஷீட்டின் கடைசிப் பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

கன்ட்ரோல் அழுத்திக்கொண்டு இரண்டு இடங்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து ஏரியா போட்டால், ஒவ்வொன்றும் தனித் தாளில்தான் வரும். கோழிப்பண்ணை பேட்ச் கணக்கில் தீவனம் ஒரு பக்கம், இறப்பு எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கும்; நடுவில் உள்ள காலங்கள் வேண்டாம் என்று இப்படிச் செய்வார்கள். அங்கேயும் நடுக் காலங்களை மறைப்பதுதான் வழி.

தமிழ் எழுத்து

தமிழில் அடித்த ஷீட்டுகளில் வேறு வகைத் தொல்லைகள் உண்டு. பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்ததை அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியலாகத் தெரியும். ஃபைல் கெட்டுப்போகவில்லை, ஃபான்ட்டை ஏற்றினால் சரியாகிவிடும். ஆனாலும் புதிதாக அடிப்பதை யூனிகோடில், அதாவது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையில், அடியுங்கள். தமிழக அரசே 2010 இல், நம் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்னும் பாமினியில் நன்கொடை லிஸ்ட் அடித்துக்கொண்டிருப்பதில் எனக்கு வருத்தம்தான். அந்த லிஸ்டில் ஒரு பெயரை யூனிகோட் தமிழில் அடித்துத் தேடக்கூட முடியாது.

யூனிகோடிலும் ஃபான்ட் மாறும். லதாவில் அடித்த ஷீட் புது விண்டோஸில் லதா இல்லாமல் நிர்மலாவில் திறந்துகொள்ளலாம். இரண்டுக்கும் எழுத்தின் அகலம் வேறு என்பதால் பெயர் அடுத்த வரிக்கு மடிந்து, வரியின் உயரம் போதாமல் கீழ்ப் பாதி வெட்டுப்படும். 'கு', 'மு', 'ழு' என்று கீழே இறங்கும் எழுத்துகளில் இது உடனே தெரிந்துவிடும். வரிகளைத் தேர்ந்தெடுத்து 'ஆட்டோஃபிட் ரோ ஹைட்' கொடுங்கள். அதற்கு மேல் இரண்டு மூன்று பாயின்ட் கையால் கூட்டி வையுங்கள், திரையில் சரியாக இருப்பது பேப்பரில் மயிரிழையில் வெட்டுப்படுவது உண்டு. மெர்ஜ் செய்த, அதாவது ஒன்றாக இணைத்த, கட்டங்களில் ஆட்டோஃபிட் வேலை செய்யாது. தலைப்பை நடுவில் வைக்க மெர்ஜ் எதற்கு? ஃபார்மட் செல்ஸில் அலைன்மென்ட் போய் 'சென்டர் அக்ராஸ் செலக்‌ஷன்' கொடுத்தால் அதே தோற்றம் வரும், மற்ற எதுவும் கெடாது.

திரையில் எண்ணாக இருந்தது பேப்பரில் மட்டும் ##### என்று வந்தால் அந்தக் காலத்தைக் கொஞ்சம் அகலப்படுத்துங்கள், அவ்வளவுதான். கட்டக் கோடுகள் வரவில்லை என்றால் பேஜ் லேஅவுட்டில் கிரிட்லைன்ஸுக்குக் கீழே உள்ள 'பிரிண்ட்' பெட்டியில் டிக் போடுங்கள். ஹெடரில் (தாளின் மேல் ஓரத்தில்) கம்பெனிப் பெயரில் உள்ள & குறி காணாமல் போகிறதா? அங்கே && என்று இரண்டு முறை அடிக்க வேண்டும்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்

டெலிவரி சலானுக்கும் கார்பன் காப்பி பில்லுக்கும் இந்தப் பக்கம் இன்னும் டாட் மேட்ரிக்ஸ் ஓடுகிறது. முதல் பில் சரியாக விழும், இரண்டாவது கொஞ்சம் மேலே ஏறும், நாலாவதில் பாதி மடிப்பின் மேலேயே அடித்திருக்கும். பிரிண்டர் பழுது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். காரணம் பேப்பர் நீளம். தொடர் பேப்பர் 10 க்கு 12 இன்ச். ஷீட்டில் லெட்டர் என்று இருந்தால் கம்ப்யூட்டர் 11 இன்ச்சில் பக்கம் முடிந்ததாக நினைக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு இன்ச் ஏறும். ஏ4 என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர்.

விண்டோஸின் பிரிண்டர் அமைப்பில் 'பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ்' திறந்து, 'கிரியேட் எ நியூ ஃபார்ம்' டிக் செய்து, அகலம் 10, உயரம் 12 இன்ச் கொடுத்து ஒரு பெயரில் சேவ் செய்யுங்கள். அந்தப் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்த பிறகு எக்செல்லின் சைஸ் லிஸ்டில் அந்தப் பெயர் வரும். துளைப்பட்டை இரண்டு பக்கமும் அரை இன்ச் போகும், வரிக்கு 80 எழுத்து அடிக்கும் '80 காலம்' பிரிண்டரின் அகலமே எட்டு இன்ச்தான். ஷீட்டை அதற்குள் அடக்குங்கள்.

கடைக்குக் கொண்டுவரும் முன்

வீட்டில் சரியாக வந்த ஷீட் கடையில் வேறு இடத்தில் வெட்டுவதற்குக் காரணம், எக்செல் அந்தந்தக் கம்ப்யூட்டரில் உள்ள பிரிண்டரையும் ஃபான்ட்டையும் வைத்துத்தான் பக்கத்தைக் கணக்குப் போடுகிறது. அதனால் வீட்டிலேயே பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுவாருங்கள். எக்செல்லில் 'சேவ் ஆஸ்' போய் பிடிஎஃப் தேர்ந்தெடுத்தால் போதும். கூகுள் ஷீட்ஸில் பிரிண்ட் கொடுக்கும்போது ஸ்கேலில் 'ஃபிட் டு விட்த்' போட்டு, ஹெடர்ஸ் பகுதியில் 'ரிபீட் ஃப்ரோஸன் ரோஸ்' டிக் செய்யுங்கள். அங்கே ஃப்ரீஸ் செய்த வரி பேப்பரிலும் எல்லாப் பக்கத்திலும் வரும். லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்கள் ஃபார்மட் மெனுவில் 'பேஜ் ஸ்டைல்' திறந்து, ஷீட் பகுதியில் ஸ்கேலிங் முறையை அகலத்துக்கும் உயரத்துக்கும் பொருத்துவதாக மாற்றி, அகலம் 1 கொடுத்து, உயரத்தைக் காலியாக விடலாம்.

பிடிஎஃப்பை பிரிண்ட் செய்யும்போதும் ஒரு இடம் உண்டு. அளவு என்ற இடத்தில் 'ஃபிட்' என்று இருந்தால் ஏற்கெனவே சுருங்கிய எழுத்து இன்னும் கொஞ்சம் சுருங்கலாம். அதை 'ஆக்சுவல் சைஸ்' என்று மாற்றி, முதலில் ஒரு பக்கம் மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு மற்றதைக் கொடுங்கள்.